கலெக்டிபிள்: எதைத் தேடிப் போவது, எதை விட்டுத் தள்ளுவது

மூலைக்கு மூலை இறகு, கொடி, பழம், விதை என்று தேடிச் சேர்க்க எதையாவது (இவைதான் கலெக்டிபிள்) போட்டு வைக்காத ஓபன் வேர்ல்ட் கேம், அதாவது இஷ்டப்படி சுற்றித் திரியும் கேம், இப்போது அபூர்வம். இதெல்லாம் கேமைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. ஒரே தொடரிலேயே இரண்டும் நடந்திருக்கிறது. 2007இல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீடில் 420 கொடிகள். மேப்பில் குறி இல்லை, எடுத்தாலும் கதையில் ஒன்றும் மாறாது, புது ஆயுதமும் கிடைக்காது. எக்ஸ்பாக்ஸில் ஆடியவர்களுக்காவது அச்சீவ்மென்ட் என்ற சாதனைப் பட்டம் வந்தது, பிஎஸ்3இல் அதுவும் இல்லை. இரண்டே வருடத்தில் வந்த இரண்டாம் பாகத்தில் 100 இறகுகள். கதையின் தொடக்கத்தில் கதாநாயகன் எட்ஸியோவின் நோயாளித் தம்பி இறகு சேர்க்கிறான், அப்புறம் அவனைக் கொன்றுவிடுகிறார்கள், அம்மா பேசுவதையே நிறுத்திவிடுகிறாள், நீங்கள் கூரை கூரையாக ஏறி எடுத்துவரும் இறகெல்லாம் அவள் அறையில் இருக்கும் பெட்டிக்குள் போகிறது. இரண்டிலும் வேலை ஒன்றுதான், கூரை ஏறுவது. ஆனால் ஒன்றை 30ஆவது கொடியோடு விட்டேன், இன்னொன்றை முழுசாக முடித்தேன். (100 இறகுக்குப் பரிசாகக் கிடைக்கும் மேலங்கியைப் போட்டால் எல்லா ஊர்க் காவலர்களும் உங்களைத் துரத்துவார்கள், அது தனிக் கொடுமை.)

சரி, புது கேமைத் தொடங்கும்போது என்ன செய்வது?

முதல் பத்து வரைக்கும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். கதை போகிற வழியில் கண்ணில் பட்டதை மட்டும் எடுங்கள். பத்தாவதை எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி: அதை எடுக்க நான் என்ன செய்தேன்? ஐகானைப் பார்த்து நடந்துபோய் பட்டனை அழுத்தியது மட்டும்தான் என்றால், மீதித் தொண்ணூறும் அப்படித்தான் இருக்கும், விட்டுவிடலாம். மூளையையோ விரலையோ கொஞ்சமாவது படுத்தியது என்றால் தொடருங்கள். 2018இல் வந்த செலெஸ்டில் 175 ஸ்ட்ராபெரிகள், அவற்றால் பெரிய பயன் எதுவும் இல்லை என்று கேமே நேரடியாகச் சொல்லிவிடும், கடைசியில் சுடும் ஸ்ட்ராபெரி பை (பழம் வைத்த பலகாரம்) கொஞ்சம் நன்றாக வரும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பழமும் ஒரு தனித் தாவல் புதிர், தொட்டால் மட்டும் போதாது, உயிரோடு பத்திரமான தரையில் வந்து இறங்கினால்தான் கணக்கில் சேரும். பரிசே இல்லாமல் இவ்வளவு பேர் அதை எடுக்கிறார்கள் என்றால் காரணம் அந்தத் தாவல்தான். இதற்கு நேர் எதிர் 1999இன் டாங்கி காங் 64. ஐந்து குரங்குகள், ஐந்து நிற வாழைப்பழம், அவரவர் நிறத்தை அவரவர்தான் எடுக்க முடியும். பழம் மூக்குக்கு முன்னால் கிடக்கும், ஆனால் அது நீலம், உங்கள் குரங்குக்கு மஞ்சள்தான் ஆகும், திரும்ப பீப்பாய்வரை போய் ஆளை மாற்றிக்கொண்டு அதே வழியில் மறுபடி நடக்க வேண்டும். இதில் புதிர் எங்கே இருக்கிறது, வெறும் நடைதான்.

அடுத்தது, எங்கே நிறுத்துவது என்பதை முன்னாலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஜெல்டா வரிசையில் 2017இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டில் 900 கொரோக் விதைகள் (கொரோக் என்பது ஒளிந்திருக்கும் குட்டி வன உயிர், கண்டுபிடித்தால் விதை தரும்). எண்ணைக் கேட்டதும் தலை சுற்றும், ஆனால் ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடங்களை முழுசாகப் பெரிதாக்க 441 போதும். அதிலும் ஆயுதத்துக்கான முதல் கூடுதல் இடத்துக்கு 1 விதை, அடுத்து 2, 3, 5, 8 என்று ஏறி, கடைசி இடத்துக்கு 55 கேட்பார்கள். அதாவது முதல் நூறு விதைக்குள் உங்கள் ஆட்டம் நன்றாகவே மாறிவிடும், அதற்கப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாயங்காலம் போகும். புதிர் வகைகளும் அதற்குள் பழகிவிடும்: கல்லைத் தூக்கு, வட்டத்தில் இல்லாத கல்லை வை, தண்ணீரில் குதி. என் கணக்கில் நூறு, நூற்றைம்பதோடு எழுந்து போய்விடலாம். 900ஐயும் சேர்த்தால் என்ன தருகிறார்கள் தெரியுமா? சுருட்டி வைத்த தங்க நிறச் சாணம் மாதிரி ஒன்று. விளையாட்டில்லை, அதேதான். விதை வாங்கிக்கொள்ளும் ஹெஸ்டு எப்போது கேட்டாலும் ஆடிக் காட்டுவான், அதற்குத்தான் அது. சேர்த்தவர்களைப் பார்த்து கேமே சிரிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது, அதனாலேயே பிடித்தும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: முழு முடிவைக் காட்ட கலெக்டிபிள் கேட்கிறார்களா? 2015இன் பேட்மேன் ஆர்க்கம் நைட்டில் முழு முடிவைப் பார்க்க வில்லன் ரிட்லரின் 243 சவால்களையும் முடித்தாக வேண்டும். கதையைப் பார்க்கத்தானே காசு கொடுத்தோம், அதன் கடைசித் துண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ரிட்லர் ஒளித்து வைத்த கோப்பைகளைப் பொறுக்கச் சொல்வது அநியாயம். இப்படி இருந்தால் வெட்கப்படாமல் யூடியூபில் முடிவைப் பார்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். கூடவே, தவறவிட்டால் திரும்பிப் போக முடியாத பொருள்கள் உண்டா, முடித்த பகுதியை மறுபடி ஆடவிடும் சாப்டர் செலக்ட் உண்டா என்பதையும் தேடிக்கொள்ளுங்கள். திரும்பிப் போகலாம் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

தேடுவது என்று முடிவானால், வாக்த்ரூவை (படிப்படியாக வழி சொல்லும் கையேட்டை) திறக்காமல் கேமுக்குள்ளேயே என்ன உதவி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆர்க்கம் நைட்டில் சண்டையின்போது பச்சையாகத் தெரியும் ரிட்லர் ஆளை மட்டும் அடிக்காமல் கடைசியாக விட்டு, பிடித்து விசாரித்தால் இடங்களைக் கக்குவான். ஜெல்டாவின் டிஎல்சியில் (தனியாக வாங்கும் கூடுதல் பகுதியில்) ஒரு முகமூடி, பக்கத்தில் கொரோக் இருந்தால் ஆடும். ஹாலோ நைட்டில் ஜாடிக்குள் அடைபட்ட 46 புழுக்கள், ஹெட்போன் போட்டால் முனகல் முதலில் கேட்கும், அப்புறம்தான் ஜாடி கண்ணில் படும், கலெக்டர் என்ற பெரிய எதிரியைத் தோற்கடித்தால் மிச்சம் எங்கே என்று காட்டும் மேப்பும் உண்டு. நான் முதலில் ஸ்பீக்கரில் ஆடி ஏழெட்டு ஜாடிகளைப் பக்கத்திலேயே போய்த் தவறவிட்டேன்.

மேப் முழுக்க ஐகான் கொட்டிக் கிடக்கும் கேம்களில் செட்டிங்ஸுக்குப் போய், முடிந்தால் கலெக்டிபிள் குறிகளை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் கிடைக்காமல் போனாலும் ஊரைச் சுற்றிப் பார்த்தது பிடித்திருந்தால், கேம் முடியும்வரை அந்தக் குறிகளைத் திரும்பப் போட வேண்டாம். போரடித்தால் மெயின் மிஷனுக்குப் போய்விடுங்கள், அங்கேயும் போரடித்தால் பிரச்சினை கலெக்டிபிளில் இல்லை.