பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டும் முன்

கரடுமுரடான பாதைக்காகப் பிக்கப் வண்டியை மாற்றியமைப்பவர்கள் பெரும்பாலும் சஸ்பென்ஷனை உயர்த்துவதில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், டயரில் தொடங்குவதே முறை. பக்கச்சுவரில் 265/70ஆர்17 என்று அளவு குறித்த டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மி.மீ.; 285/70ஆர்17 டயருக்கு அது 831 மி.மீ. இந்த 28 மி.மீ. வேறுபாட்டில் பாதியளவே, அதாவது 14 மி.மீ. மட்டுமே, வண்டியின் அடிப்பாகம் உயரும் என்பதையும், அதுவரை சரியாக இருந்த ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103 கி.மீ.க்கும் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஓடும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

மாட்டியவுடன் ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால் உரசுகிறது என்று பொருள். முதல் 100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் ஸ்பேனர்) மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும் (பலர் சிக்கனம் பார்ப்பது இங்கேதான்). விட்டம் மாறுபட்ட ஒரு டயர், நான்கு சக்கர இயக்கத்தில் கியர்களுக்கு வீண் சுமையாகும்.

மணலில் இறங்கும் முன் டயரில் 15 முதல் 18 பிஎஸ்ஐ காற்றழுத்தம் மட்டும் இருக்கும்படி குறைத்தால், தரையில் படியும் டயரின் தடம் நீண்டு வண்டி எளிதில் புதையாது. தார்ச்சாலையை அடைந்ததும், வேகமெடுக்கும் முன்பே காற்றை நிரப்பிவிட வேண்டும் என்பதால், சிறிய கம்ப்ரஸர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.