சான்று கொடுத்தும் பென்ஷன் வரவில்லை: என் அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் வீடு கட்டக் கடன் கேட்டிருந்தேன். பாஸ்புக்கைப் புரட்டிய மேலாளர், "அண்ணாச்சி, டிசம்பர்ல பென்ஷனே ஏறலையே?" என்றார். ராணுவ பென்ஷன். நவம்பரிலேயே சேவை மையத்தில் உயிர்வாழ் சான்று கொடுத்து, பிரமாண் ஐடியும் (அந்தச் சான்றின் எண்) குறுஞ்செய்தியில் வந்திருந்தது.

கிளைக்கு மூன்று முறை அலைந்தேன். "பென்ஷன் இப்ப எங்க கையில இல்லை" என்றார்கள். அதுவும் சரிதான், பாதுகாப்புத் துறையே ஆன்லைனில் பென்ஷன் வழங்கும் ஸ்பர்ஷுக்கு மாறியாச்சு. வயல் வேலையில் கைரேகை தேய்ந்துவிட்டதோ என்று செல்போனில் முகம் காட்டி மறுபடி எடுத்தேன். புது ஐடி வந்தது, பணம் வரவில்லை.

அப்புறம் சான்றைப் பிரிண்ட் எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். பென்ஷன் வழங்கும் முகமை என்ற இடத்தில் வங்கியின் பெயர்! சேவை மையப் பையன் பழைய சான்றைப் பார்த்து அடித்திருக்கிறான். நானும் அதையே செய்திருக்கிறேன். அங்கே ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் (ராணுவ பென்ஷன் கணக்கு அலுவலகம்), அலகாபாத் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் 2018இலேயே பிரயாக்ராஜ் ஆகிவிட்டது. நான் பார்த்த பட்டியலில் இன்னும் அலகாபாத்தான். பி.பி.ஓ. எண்ணும் (பென்ஷன் ஆணை எண்) பழையது வேண்டாம், ஸ்பர்ஷ் கொடுத்த புதியதைப் போட்டேன்.

ஐடி வந்ததும் நிம்மதியாகிவிடாமல் ஸ்பர்ஷ் தளத்தில் நுழைந்து பார்த்தேன். அடுத்த சான்றுக்கான தேதி ஒரு வருஷம் தள்ளியிருந்தது. மறுமாதம் நிலுவையோடு பணம் ஏறியது. கடன் கோப்பும் நகர்ந்தது.