மிச்சப் பலகையை வைத்து மலிவு அலமாரியைத் திடப்படுத்தும் முறை

அட்டைப்பெட்டியில் பிரித்து விற்கும் 80 செ.மீ. அகலப் புத்தக அலமாரி பூட்டிய அன்று நன்றாகத்தான் நிற்கும். போகப்போகத் தட்டுகள் நடுவில் தொய்யும். தொட்டால் முழு அலமாரியும் பக்கவாட்டில் ஆடும். தரை துடைக்கும் தண்ணீர் பட்டு அடிப்பாகம் ஊதிவிடும். உடனே வண்ணம் அடிக்கவும் ஸ்டிக்கர் ஒட்டவும் கிளம்பிவிடுகிறோம், ஆனால் தொய்ந்த தட்டு எந்த நிறத்திலும் தொய்ந்த தட்டுதான். முதலில் தட்டு, முதுகு, அடி ஆகிய மூன்றையும் மரத்தால் கெட்டிப்படுத்துங்கள். அந்த வேலையிலேயே பாதி அழகு வந்துவிடும்.

வேலைக்கு முன் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை. அதில் ஸ்குரூ பிடிக்கும். டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே தேன்கூடு போல மடித்த காகிதம்தான் இருக்கிறது. அதில் ஓரத்தில் உள்ள ஒல்லியான கட்டையைத் தவிர வேறு எங்கும் ஸ்குரூ நிற்காது. கீழே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு.

எந்த மரம், எங்கே கிடைக்கும்

பக்கத்து வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தால் குத்தகையாளரிடம் கேளுங்கள். அலமாரி செய்தபின் வெட்டி எறியும் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளைத் தூக்கிப்போடும் செலவு மிச்சம் என்று பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரின் சுங்கை காடுட் வட்டாரம் பல காலமாகவே மரத் தொழிலுக்குப் பெயர்போனது. அங்குள்ள பட்டறைகளில் நியாத்தோ, மெராந்தி மரத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

சரக்கு அடுக்கும் பலகைத்தட்டை (பேலட்) உடைத்த மரம் எடுப்பவர்கள் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்டி (HT) என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். புளோக்கின் கீழே போட்டிருக்கும் பழைய கட்டில் மரத்தையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்குரூ ஓட்டைகளிலும் இடுக்குகளிலும் மூட்டைப்பூச்சி ஒளிந்திருக்கும். குண்டூசித் தலை அளவு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு போதும், வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் பரவும்.

கொண்டுவந்த மரத்தை அலமாரி நிற்கப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் மரத்தின் அகலத்தைக் கூட்டும், குறைக்கும். வெளியே கிடந்த கட்டையை அன்றே ஒட்டினால், ஏர்கான் அறையில் அது சுருங்கி ஒட்டு விட்டுப்போகும்.

ஓர் ஐந்தடுக்கு அலமாரிக்கு 18 மி.மீ. தடிமன், 40 மி.மீ. அகலப் பட்டை ஏறக்குறைய 9 மீட்டர் வேண்டும். முதுகுக்கு 6 அல்லது 9 மி.மீ. பிளைவுட், 80க்கு 101 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. அடிச் சட்டத்துக்கு 30 மி.மீ. உயரமும் 40 மி.மீ. அகலமும் உள்ள கெட்டி மரம் சுமார் 2 மீட்டர். இவற்றோடு 3.5க்கு 30 மி.மீ. ஸ்குரூ ஐம்பது, 4க்கு 60 மி.மீ. எட்டு, வெள்ளை மரப்பசை கால் லிட்டர்.

தட்டுகள்

இதுதான் முக்கிய வேலை, நேரமும் இதற்குத்தான் போகும். முழுத் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் 20 கிலோவைத் தாண்டிவிடும். 15 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு அந்தப் பாரத்தில் நாளாக நாளாக வளைந்துகொண்டே போகும். தடிமன் இரு மடங்கானால் வளையாத உறுதி எட்டு மடங்காகும். அதனால்தான் 40 மி.மீ. பட்டையைப் படுக்க வைக்காமல் முன்விளிம்பில் நிமிர்த்தி ஒட்டுகிறோம். அந்த ஒரு பட்டையே முழுத் தட்டைவிட இரண்டு மூன்று மடங்கு பாரம் தாங்கும்.

தொய்ந்த தட்டைக் கழற்றிக் கவிழ்த்து, குழிந்த பக்கம் கீழே வரும்படி சமதரையில் போட்டு, மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். முழுக்க நிமிராவிட்டாலும் பரவாயில்லை, இனி இந்தப் பக்கமே மேல்பக்கம். மிச்ச வளைவைப் பட்டையோடு சேர்த்து இறுக்கும்போது நேராக்கலாம்.

முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டியை ஹேர் டிரையரால் சூடாக்கி, மழுங்கிய கத்தியால் உரித்தெடுங்கள். பலர் இதை உரிக்காமல் அதன் மேலேயே பசை தடவிவிடுகிறார்கள். வெள்ளைப் பசை வழவழப்பான மேற்பரப்பில் பிடிக்காது. சில வாரத்தில் பட்டை கையோடு வந்துவிடும். உரித்த விளிம்பு ரஸ்க் மாதிரி சொரசொரப்பாக, பொடிப்பொடியாகத் தெரியும். முதல் பூச்சுப் பசையை அது அப்படியே குடித்துவிடும். பத்து நிமிடம் விட்டு இரண்டாம் பூச்சு தடவி, அதற்குப் பிறகே பட்டையை வையுங்கள்.

பட்டையின் நீளம், அலமாரியின் உள் அகலத்தைவிட 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். மேல்விளிம்பு தட்டின் மேற்பரப்போடு சமமாக வர வேண்டும். மீதி கீழே தொங்கும். 20 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் போட்டு, ஓரத்தில் மணிமணியாகப் பசை கசியும் அளவுக்கு இறுக்குங்கள். ஒன்றுமே கசியவில்லையென்றால் பசை பற்றவில்லை. கசிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் அந்த இடத்தில் வார்னிஷ் ஏறாது, வெள்ளைத் திட்டாக நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கிளாம்ப்பைக் கழற்றலாம், பாரம் வைக்க ஒரு நாள் பொறுங்கள்.

பட்டை 18 மி.மீ. முன்னே துருத்தும். அதை ஈடுகட்ட இருபுறப் பலகைகளின் முன்விளிம்பிலும் இதேபோல நெட்டுப் பட்டை ஒட்ட வேண்டும். நெட்டுப் பட்டையின் உள்ஓரம் பக்கப் பலகையின் உள்பக்கத்தோடு சமமாக இருக்கட்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பிறகு தட்டை வெளியே எடுக்க முடியாது. மிச்சத் துண்டில் 2 மீட்டர் நீளம் கிடைப்பது அரிது. நடுவே உள்ள நிலையான தட்டின் மட்டத்தில் இரண்டு துண்டுகளையும் சேர்த்தால் இணைப்பு கண்ணில் படாது. கதவு உள்ள அலமாரிக்கு இந்த முன்சட்டம் ஒத்துவராது.

முதுகு

அலமாரி ஆடுவதற்குக் காரணம் 3 மி.மீ. முதுகட்டையும் அதைப் பிடித்திருக்கும் சிறு ஆணிகளும்தான். அதைக் கழற்ற வேண்டியதில்லை, அதன் மேலேயே பிளைவுட்டைப் பொருத்துங்கள். அலமாரியைக் குப்புறப் படுக்கவைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் நீளமான மூலையைத் தள்ளிச் சமப்படுத்திய பிறகே ஸ்குரூ போடுங்கள். கோணலாக முடுக்கிவிட்டால் அது கோணலாகவே நிற்கும்.

15 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூ, மூலையிலிருந்து 5 செ.மீ. தள்ளி. பக்கப் பலகையின் தடிமனுக்கு நட்டநடுவில் முதலில் 2.5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். துளையிடாமல் ஏற்றினால் பலகை இரண்டாகப் பிளக்கும். கடைசிச் சுற்றை மெஷினில் விடாமல் கையால் முடுக்குங்கள். பிடி விட்டு ஸ்குரூ சும்மா சுற்றினால், சாத்தே குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடித்து, காய்ந்தபின் ஒடித்துவிட்டு மறுபடி துளையிடுங்கள்.

அடி

ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஊதிய 3 செ.மீ.யை அறுத்து எடுத்துவிட்டு, அதே உயரத்துக்குக் கெட்டி மரச் சட்டத்தை வைப்பதுதான் நிரந்தரமான வழி. இங்கே பிளைவுட் வேண்டாம், அதன் ஓரமும் தண்ணீர் இழுக்கும். செங்கால் (chengal) என்ற கெட்டி மரத்தின் துண்டு கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. சட்டத்தின் வெளி அளவு அலமாரியின் அடி அளவேதான். அறுத்த விளிம்பில் பசை தடவி, 3 மி.மீ. துளையிட்டு, 4 மி.மீ. ஸ்குரூவைக் கீழிருந்து பக்கப் பலகையின் நடுத்தடிமனுக்குள் ஏற்றுங்கள். சட்டத்தின் அடியில் வார்னிஷ் இரண்டு கை அடித்து, நான்கு மூலையிலும் ரப்பர் வில்லை ஒட்டுங்கள்.

இத்தனை எடை கூடிய அலமாரியைச் சுவரோடு எல்-வடிவத் தகட்டால் கட்டாயம் பிணைக்க வேண்டும், சிறுபிள்ளைகள் ஏறுவார்கள். வீட்டுப் பாதுகாப்பறையின் சுவர் என்றால், துளையிடும் முன் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் முதுகுக்கும் 2 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பின்புறம் பூஞ்சை பிடிக்கும்.

மேல்பூச்சு

புது மரத்தை 120, 180, 240 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் மூன்று கை அடியுங்கள். முதல் கைக்குப் பிறகு மரநார் எழும்பிச் சொரசொரப்பாகும், 240ஆல் லேசாகத் தேய்த்தால் போதும். டப்பாவில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் டிசம்பர் மழையில் நான்கு மணி நேரம் விடுங்கள். எண்ணெய்ப் பூச்சு அடிப்பவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

பூசை மாடமாக வைப்பதானால் விளக்கு வைக்கும் இடத்தில் மிச்சமான தரை ஓடு ஒன்றைப் பதியுங்கள். எண்ணெய் பலகையில் ஊறக் கூடாது. விளக்குக்கு மேலே தட்டே இருக்கக் கூடாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் புதுப்பிப்பு வேலைகளுக்குத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 மணி வரைதான் அனுமதி. பெரும் சத்தம் வரும் வேலை வார நாட்களில் 5 மணிக்குள் முடிய வேண்டும். சிறு வேலைதானே என்று நினைக்காமல் மெஷின் வேலையை அதே நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பொது நடைவழியில் அறுக்க நேர்ந்தால் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்கட்டும். வாயில் என்95 முகக்கவசம், தூளை அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள்.