வினைமுற்றோடு நின்றுவிடாதீர்கள்

தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி 'அன்லெஸ்' (unless, 'இல்லாவிட்டால்') வந்த வரியில் சறுக்கினார். நான் சறுக்கிய அதே இடம். உச்சரிப்பு, எழுத்துப்பிழை எல்லாம் தானாகச் சரியாகும், அவற்றை விடுகிறேன். ஆங்கிலம் வாசிக்கும்போது நாம் செய்யும் மூன்று தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வினை வந்ததும் வாக்கியம் முடிந்ததென நினைப்பது

எழுத்துத் தமிழில் வினைமுற்று வந்தால் பேச்சு முடிந்தது. பெயரிலேயே 'முற்று' இருக்கிறது. நிபந்தனையெல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்: 'ஒரு மாதம் முன்னால் சொன்னால்தான் முன்பணம் கிடைக்கும்.' ஆங்கிலம் வினையை முதலில் சொல்லிவிட்டு, 'அன்லெஸ்', 'ப்ரொவைடட்' (provided, 'என்றால் மட்டும்') என்று கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் வாலில்தான் கட்டும்.

முதல் வேலைக்குப் பெங்களூரு போனபோது விடுதி ஒப்பந்தத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படும்' என்பதுவரை வாசித்தேன். அதன் பின்னால் 'அன்லெஸ்' இருந்தது. கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. சொல்லாமல் காலி செய்தேன். 12,000 ரூபாய் போயிற்று. அந்த வரியில் எனக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எல்லோரும் அகராதி வாங்கச் சொன்னார்கள். இன்றும் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறார்கள், ஆத்திரமாக வருகிறது.

இதைத் தாமதமாகக் கண்டுகொள்கிறவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள்: வாக்கியத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்துத் தமிழாக்குவது. 'தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே' என்பதை 'நேற்று வந்த பையன்' என்று திருப்பிப் போடுவதற்குள் அடுத்த வரி மறந்துவிடும். திருப்பாதீர்கள். நம் பேச்சுத் தமிழே கைகொடுக்கும்: 'அந்தப் பையன், நேத்து வந்தானே', 'குடுத்துடுவாங்க, முன்னாடியே சொன்னா.' வீட்டில் இப்படித்தானே பேசுகிறோம்? அந்தக் காதோடு வாசியுங்கள். வினைக்குப் பின்னால் வரும் இணைப்புச் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். முற்றுப்புள்ளி வரும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எழுத்துக்கூட்டியே படிப்பது

தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு நாற்பதுக்கும் மேல் ஒலிகள். 'டஃப்' (tough), 'தோ' (though), 'த்ரூ' (through) மூன்றும் முடிவது ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்தில்தான். சொல்லை முழுசாகப் பார்த்துப் பழகுங்கள்.

'ஏ' (a), 'தி' (the) இரண்டையும் தாண்டிப் போவது

'தி மேன்' என்றால் பெரும்பாலும் முன்பே வந்துபோன ஆள். மேலே போய்த் தேடுங்கள்.