அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்குவது எப்படி? ரேஞ்சுக்கும் வீட்டுக் காவலுக்கும்

கிரீன் கார்டு கைக்கு வந்து, தனி வீடும் வாங்கியான பிறகு நம்மாட்களில் சிலருக்கு இந்த யோசனை வருகிறது: வீட்டில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் எது? யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு இருக்கிறது, எல்லாம் கறுப்பாக ஒரே மாதிரி.

அமெரிக்காவில், சட்டப்படி, முதல்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறவருக்கான பதிவு இது. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் கூடம்) பழகவும் ராத்திரி வீட்டுக் காவலுக்கும் ஒன்றே போதும் என்று நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குள் போகவில்லை. ஆனால் ஓரிடத்தில் ‘வாங்காதீர்கள்’ என்று சொல்லத்தான் போகிறேன்.

படி 1: முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 எல்லாமே குடியேற்றம் அல்லாத விசாக்கள். இந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு; பலரும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அது இல்லாமல் ரேஞ்சில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதுகூட ‘வைத்திருத்தல்’ என்ற கணக்கில் வந்துவிடும். டீம் அவுட்டிங் என்று கூப்பிட்டார்கள், நானும் போனேன் என்பதெல்லாம் பதிலாகாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் சட்டத்தில் இடமிருக்கிறது. சந்தேகம் இருந்தால் கடைக்காரரைக் கேட்காமல் இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்கள்.

ஊரிலிருந்து பி-2 விசாவில் வந்திருக்கும் அப்பாவோ மாமனாரோ ‘எங்கே, கொடு பார்ப்போம்’ என்றாலும் கையில் கொடுக்காதீர்கள். அவருக்கும் அதே சட்டம்தான்.

கிரீன் கார்டு உள்ளவரும் குடிமகனும் வாங்கலாம். லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் ஃபார்ம் 4473 நிரப்பச் சொல்வார்கள். கிரீன் கார்டில் உள்ள ஏ-நம்பரையும் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும், சிலருக்கு ‘தாமதம்’ என்று வரும். பதற வேண்டாம்.

அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, துப்பாக்கி உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா என்பது. ஹெச்-1பி நண்பர் பணம் கொடுக்க, உங்கள் பெயரில் வாங்கித் தருவது சிறைக்குப் போகும் வழி. மற்றது, கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்பது. உங்கள் மாநிலத்தில் கடை வைத்தே விற்றாலும், படிவம் கேட்பது மத்திய சட்டப்படி. பொய்யாகப் பதில் எழுதுவது தனிக் குற்றம்.

அப்புறம் மாநிலச் சட்டம். டெக்சஸில் வாங்குவதற்குத் தனி அனுமதி எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, மாநிலம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் மாடல் மட்டும், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் போலீஸ் வழியாகத் தனி பெர்மிட். இல்லினாயில் முதலில் மாநில அட்டை வாங்க வேண்டும். நியூயார்க்கில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் வாங்கும் வாரத்தில் மாநில அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: வாங்குவதற்கு முன்பே பெட்டி

எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்வதற்கு முன், அது வீட்டில் எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். தலையணைக்கு அடியிலும் பீரோ மேல்தட்டிலும் கூடாது. குழந்தைக்கு எட்டாது என்று நாம் நினைக்கும் உயரமெல்லாம் நாற்காலி போட்டால் எட்டிவிடும். கட்டில் பக்கத்தில் திருகாணி போட்டு இறுக்கிவைக்கும் சிறு இரும்புப் பெட்டி, இருட்டில் விரலால் தடவி எண்களை அழுத்தித் திறக்கிற மாதிரி வாங்குங்கள். கைரேகைப் பெட்டிகள் ஈரக் கையோடு தகராறு செய்யும். எனக்கு எண் பொத்தான்தான் பிடிக்கும். துப்பாக்கியோடு கடைக்காரர் ஒரு பூட்டும் கண்டிப்பாகத் தருவார், சட்டம் அப்படி. ஆனால் அந்தக் கம்பிப் பூட்டு ராத்திரி அவசரத்துக்கு உதவாது.

‘வாங்காதீர்கள்’ என்று சொல்ல வந்த இடம் இதுதான். அமெரிக்காவில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருந்தால், வேலை போய், விசா சிக்கலில், குடும்பச் சண்டையில் ஒருவர் ஒடிந்துபோயிருந்தால், இப்போது வேண்டாம். கதவுக்கு நல்ல பூட்டும், வாசலில் வெளிச்சமும், ஒரு அலாரமும் போடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்தக் காலம் தீரும் வரை வீட்டுக்கு வெளியே பத்திரமாக வைக்க உங்கள் மாநிலத்தில் என்ன வழி என்று பாருங்கள். உதவிக்கு 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

படி 3: ஒரு நாள் வகுப்பு

ரேஞ்சுகளில் முதல்முறை சுடுபவர்களுக்கென்றே சில மணி நேர வகுப்பு நடத்துவார்கள். யூடியூப் இதற்கு ஈடில்லை, ஏனென்றால் நீங்கள் தவறாகப் பிடித்தால் அது உங்கள் மணிக்கட்டைத் தட்டாது. ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் பரப்பிய நான்கு விதிகளை எல்லா இடத்திலும் சொல்வார்கள்: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி சேரும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. குறி என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்து சுடு. மூன்றாவது விதியைத்தான் புதியவர்கள் விடுகிறார்கள். கையில் எடுத்ததுமே விரல் தானாக ட்ரிகருக்குள் போகும். அதைத் துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீட்டி வைக்கப் பழக்க வேண்டும்.

படி 4: பிஸ்டலா, ரிவால்வரா? எந்தத் தோட்டா?

இதை நீட்ட வேண்டாம். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும், பிஸ்டலில் மேகசினுக்குள். ரிவால்வர் எளிது, சிக்கிக்கொள்வது அரிது, ஆனால் பெரும்பாலானவற்றில் ஐந்தாறு தோட்டாதான், ட்ரிகரை நீளமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பிஸ்டலில்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பகுதிதான் ஸ்லைடு. அதைப் பின்னுக்கு இழுக்கவே முடியாத அளவுக்குக் கையில் வலு குறைவு, மூட்டு வலி என்றால் ரிவால்வரைப் பாருங்கள்.

தோட்டாவுக்கு 9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் லூகர் என்ற ஆஸ்திரியர் 1900களின் தொடக்கத்தில் வடிவமைத்தது, இன்றும் உலகின் பல போலீஸ் படைகளும் ராணுவங்களும் பயன்படுத்துவது அதுதான். பெரிய .40 (இது அங்குலக் கணக்கு) தோட்டாவுக்குப் போன எஃப்.பி.ஐ.யே பிறகு 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. .45 ஆள் ஒருவர் கடையில் கட்டாயம் இருப்பார், 9 மி.மீ. எல்லாம் பொம்மை என்பார். சிரித்துவிட்டு நகருங்கள். .22 ரொம்ப மலிவு, உதைப்பே இல்லை, பழகுவதற்கு அருமை. ஆனால் வீட்டுக் காவலுக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

படி 5: கைக்குப் பொருந்துகிறதா

பிராண்டைவிட இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். கடைக்காரர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டித் தருவார். அவர் பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வலக்கைக்காரர் என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவைப் பிடியின் உச்சியில் நன்றாக ஏற்றிப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் குழலும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இப்போது பிடியை அசைக்காமல் ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வையுங்கள், குழல்வாய் பத்திரமான திசையில். விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை ட்ரிகரின் மையத்தில் உட்கார்ந்தால் சரி. நுனி மட்டும் தொட்டால் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. எட்டுவதற்காகக் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தாலும் பெரிதுதான். பல மாடல்களில் பிடியின் பின்பக்கத் துண்டை மாற்றி அளவைக் குறைக்கலாம், கேளுங்கள்.

அடுத்து ஸ்லைடு. விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை மார்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இடது உள்ளங்கையால் மேலிருந்து ஸ்லைடின் பின்பகுதியை இறுகப் பற்றி, வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள். இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் பலம். இதைச் செய்யும்போது குழல்வாய் பக்கத்தில் நிற்பவர் மேல் திரும்பிவிடும், கவனம். வீட்டில் இன்னொருவரும் பயன்படுத்துவதாக இருந்தால் அவரும் கடைக்கு வந்து இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

பெண்கள் போனால் சில கடைகளில் உடனே உள்ளங்கை அளவு குட்டித் துப்பாக்கியை எடுத்து நீட்டுவார்கள். இது எனக்கு ஆகவே ஆகாத பழக்கம். அவை சட்டைப்பைக்குள் மறைத்து எடுத்துப் போகச் செய்தவை. எடை குறைவு என்பதாலேயே உதைப்பு கையை அறையும். பிடியில் சுண்டுவிரலுக்கு இடமே இருக்காது. வீட்டில் வைப்பதை மறைத்து எடுத்துப் போக வேண்டிய தேவை இல்லையே. சின்னக் கைக்கும் நடுத்தர அளவுதான் சுலபம்.

படி 6: வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

நிறைய ரேஞ்சுகளில் பல மாடல்களை வாடகைக்குத் தருவார்கள். பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்: 9 மி.மீ. கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0, வால்தர் பி.டி.பி., சி.இசட். பி-10 சி. ஸ்லைடு இழுக்கச் சிரமப்படுகிறவருக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி. கிளாக் 19 மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம், மேகசினில் 15 தோட்டா. 1988 முதல் சந்தையில் இருப்பதால் உதிரி பாகமும் உறையும் எங்கும் கிடைக்கும். இதில் மோசமானது எதுவும் இல்லை. கை எதைச் சொல்கிறதோ அது.

காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் காதை முழுக்க மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். மூடிய ரேஞ்சில் ஒரு வெடி 150 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். கண்ணாடியும் கட்டாயம். கழுத்து மூடிய சட்டை போடுங்கள், பக்கத்து ஆள் சுட்ட தோட்டாவின் சூடான காலி உறை பறந்து வந்து காலருக்குள் விழும். அப்போது துள்ளிக் குதித்தால் கையில் இருக்கும் துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும்.

குறியை 5 கஜத்தில் வையுங்கள். 25 கஜத்தில் வைத்து மானம் போக வேண்டாம். ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா சுடுங்கள். வலக்கைக்காரருக்குத் துளைகள் கீழே இடப்பக்கமாகச் சேர்ந்தால் பெரும்பாலும் துப்பாக்கியின் கோளாறு இல்லை. வெடிக்கப் போகிறது என்று பயந்து கை முன்கூட்டியே அமுக்குகிறது. பயிற்சியாளரிடம் சொன்னால் மேகசினில் நடுநடுவே ஒரு போலித் தோட்டாவைக் கலந்து தருவார். அது வரும்போது வெடிக்காது, ஆனால் குழல்வாய் குபுக்கென்று கீழே சாயும். அப்போதுதான் நாம் செய்வது நமக்கே தெரியும். எந்தத் துப்பாக்கியில் இந்தச் சாய்வு குறைவோ, ஐம்பதாவது தோட்டாவிலும் கை சலிக்கவில்லையோ, அதை வாங்குங்கள்.

முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை, முகம் கழுவுங்கள். ஈயத் துகள் ஒட்டியிருக்கும்; கழுவாமல் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

படி 7: வீட்டுக்கு

பழகுவதற்கு சாதாரண உலோக உறைத் தோட்டா. வீட்டுப் பெட்டியில் ஹாலோ பாயின்ட், அதாவது நுனியில் குழி உள்ள தோட்டா. பட்டதும் விரிந்து, ஊடுருவிப் போவதைக் குறைக்கும். குறைக்கும்தான், நிறுத்தாது. அமெரிக்க வீட்டின் உட்சுவர் செங்கல் இல்லை, இரண்டு ஜிப்சம் பலகையும் நடுவில் வெற்றிடமும். குறி தப்பிய தோட்டா மூன்று நான்கு அறைகளைத் தாண்டிப் போகும். எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்று பகலிலேயே நடந்து பார்த்து வையுங்கள். ஹாலோ பாயின்டுக்கு நியூ ஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு உண்டு, அங்கே இருப்பவர்கள் விசாரியுங்கள்.

டார்ச் லைட் துப்பாக்கியைவிட முக்கியம். ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் தண்ணீர் குடிக்க எழுந்த மகனாகத்தான் இருக்கும். முகம் தெரியாமல் சுடுவதற்கு மன்னிப்பே கிடையாது. கையில் பிடிக்கும் தனி டார்ச்சையும் பெட்டியிலேயே வையுங்கள். துப்பாக்கியில் மட்டும் விளக்கு இருந்தால், பார்ப்பதற்கே குழல்வாயைத் திருப்ப வேண்டிவரும். வீட்டைச் சுற்றித் தேடக் கிளம்பாதீர்கள். எல்லோரையும் ஒரே அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, 911 அழைத்து, அங்கேயே இருங்கள். எப்போது சுடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வகுப்பில் அதையும் கேளுங்கள்.

செலவு

நல்ல நடுத்தர 9 மி.மீ. 500 முதல் 700 டாலர் வரை. பெட்டி, காது மஃப், கண்ணாடி, வகுப்பு, தோட்டா சேர்த்தால் இன்னொரு 300, 400 ஆகும். பழைய கிளாக் வாங்கி மிச்சப்படுத்தும் 150 டாலரில் வகுப்புக்குப் போவது நல்ல வியாபாரம். தங்க நிற ட்ரிகர், லேசர் எதுவும் இப்போது வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது நம்மாட்களுக்கு மட்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையை அப்படியே எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பி, விமான நிலைய ஸ்கேனரில் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு பிடிபடுகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குதான். தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளியே வரலாம், அதற்குள் லீவு முடிந்து வேலையும் சிக்கலாகும். ரேஞ்சுக்கென்று தனிப்பை ஒன்றை வைத்து, சூட்கேஸ் இருக்கும் அலமாரிக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.