வாடகை வீடு பார்க்கும்போது ஏசி மாடல் எண்ணையும் பாருங்கள்

சிங்கப்பூரில் வாடகை வீடு பார்க்கப் போனால், ஏசியின் வெளிப்புற கம்ப்ரஸரில் உள்ள மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் அதன் மின்சிக்கன லேபிளில் எத்தனை டிக் என்று தெரியும்; டிக் கூடக் கூட கரண்ட் மிச்சம். லேபிள் கிழிந்து போயிருந்தாலும் பரவாயில்லை.

இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் வீட்டுக்கே ஏ முதல் ஜி வரை எரிசக்தித் திறன் தரச் சான்றிதழ் உண்டு. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஏசி, ஃபிரிட்ஜ் போன்ற சாதனங்களுக்கு லேபிள் கட்டாயம்; ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அது 2008 முதல் உண்டு. இங்கே கரண்ட் பில்லை ஏற்றுவதே பெரும்பாலும் ஏசிதான், அதனால் அதன் டிக் எண்ணிக்கையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். குறைவாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். அப்புறம் கேட்டால் நடக்காது. முடிந்தால் முந்தைய மாதங்களின் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

2014க்கு முந்தைய லேபிளில் உச்சமே 4 டிக்தான், இப்போதைய 5 டிக் லேபிளோடு அதை ஒப்பிட முடியாது. கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகை பேசிய அறைக்கு இது தேவைப்படாது.