மொட்டை மாடியில் 46 டிகிரி

வீட்டு வானிலை நிலையம் வாங்கிய முதல் வாரம், மே மாத மதியத்தில் திரை 46 டிகிரி காட்டியது. மதுரை வெயில்தான், அதற்காக இவ்வளவா? மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சென்சாரைத் திருகியிருந்தேன். சுவரின் சூட்டை அளந்துகொண்டிருந்தது அது. நடுநடுவே இணைப்பு வேறு அறுந்து, எண்களுக்குப் பதில் வெறும் கோடுகள்.

பேட்டரிகளைக் கழற்றி மாட்டி, சென்சாரையும் திரையையும் மேசைமேல் அருகருகே வைத்தேன். உடனே இணைந்தன. அப்படியென்றால் கோளாறு இடத்தில்தான். சென்சார் திரைக்கு அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை செங்கல் சுவரை ஓரளவு கடந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் திணறும். அலை எட்டும் தூரம் என்று பெட்டியில் அச்சிட்ட 100 மீட்டர், திறந்தவெளிக் கணக்கு. போதாததற்கு, திரையை இரும்பு பீரோவை ஒட்டி வைத்திருந்தேன்! அதை ஜன்னலோரம் மாற்றினேன்.

அப்புறம் சென்சார். உலக வானிலை அமைப்பு தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம் என்கிறது. பின்கட்டில் மண்தரையில் பிவிசி குழாய் நட்டு, ஒன்றரை மீட்டரில் பொருத்தினேன். மேலே வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கினேன். வெயில் படாது, காற்று புகும். மறுநாள் அதே நேரத்தில் 39.

மழைமானி மட்டும் மாடியிலேயே, ரசமட்டம் பார்த்து வைத்தபடி இருக்கிறது. கீழே வேப்பமரம் மறைக்கிறது.